ஆண்டுக்கு நாலு லட்சம் தனியாரா, கவுன்சலிங்கா? மகள் படிப்புக்கு முடிவெடுக்க யோசனை சொல்லுங்கள்

பட்டறை_அப்பா | மே 21, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. இப்போது உங்கள் யோசனை தேவைப்படுகிறது.

கோவில்பட்டியில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் தீப்பெட்டி மெஷின் பாகங்கள்தான் வேலை. மனைவி வீட்டில் தையல். இரண்டும் சேர்த்து மாதம் 36,000 வரும். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கணக்கு 92, இயற்பியல் 84, வேதியியல் 86. கட் ஆஃப் 200-க்கு 177. பையன் இந்த வருஷம் பத்தாம் வகுப்பு.

சென்னைப் பக்கம் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் திருநெல்வேலியில் நடந்த கல்விக் கண்காட்சிக்கு வந்திருந்தார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் தருகிறோம் என்கிறார்கள். படிப்புக்கு வருஷம் 2,75,000, ஹாஸ்டல் சாப்பாட்டுக்கு 1,25,000. அன்று போன் நம்பர் கொடுத்துவிட்டு வந்தேன், அதிலிருந்து தினமும் அழைக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் 25,000 கட்டாவிட்டால் சீட் போய்விடுமாம்.

அரசு நடத்தும் பொறியியல் கவுன்சலிங்கில் போனால் நெல்லை அரசு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் கிடைப்பது கஷ்டம், வேறு ஏதாவது கிடைக்கலாம் என்று ஸ்கூலில் சொன்னார்கள். மனைவி ஊரிலேயே பி.எஸ்சி. கணக்கு சேர்த்து, பிறகு பி.எட். போகட்டும் என்கிறாள். மச்சினன் 40 சென்ட் கரிசல் நிலத்தை விற்றாவது பிள்ளையைப் பெரிய காலேஜில் போடச் சொல்கிறான்.

மகளிடம் கேட்டால் "உங்களால முடிஞ்சதைப் பாருங்கப்பா" என்கிறாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் யாரும் காலேஜ் வாசல் மிதித்ததில்லை. சரியாக யோசிக்கிறேனா என்றே தெரியவில்லை. வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது.

---

சேலத்து_அம்மா | மே 21, இரவு 11.15

அண்ணா, முதலில் அந்த 25,000-ஐக் கட்டாதீர்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மகனுக்கு இதே மாதிரி ஏப்ரல் மாசத்திலேயே 50,000 அட்வான்ஸ் கட்டினோம். கல்லூரிப் பெயர் வேண்டாம். மார்க் வந்த பிறகு கவுன்சலிங்கில் அதைவிட நல்ல இடம் கிடைத்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டால் இன்று வா, நாளை வா. சர்டிபிகேட்டையும் அவர்களிடமே கொடுத்திருந்தேன், அதை வாங்க மட்டும் மூன்று தடவை பஸ் ஏறினேன். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதியைக் காட்டிப் புகார் எழுதியபிறகுதான் பணம் வந்தது. அதற்குள் நான்கு மாதம்.

2024-25 சேர்க்கைக்கு யுஜிசி தெளிவாகவே சொல்லியிருந்தது. செப்டம்பர் 30 வரை விலகினால் முழுப் பணமும் திருப்பித் தரவேண்டும், அக்டோபர் 31 வரை விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது. அசல் சான்றிதழை வைத்துக்கொள்ளவும் கூடாது. விதி நம் பக்கம்தான். ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு அலைவது நாம்தானே. வேலையை விட்டுவிட்டு அலைய முடியாதவர்கள் கட்டாமல் இருப்பதே நல்லது.

வெள்ளிக்கிழமை போனால் திங்கள்கிழமை வேறு கெடு சொல்வார்கள். எனக்கு அப்படி மூன்று வெள்ளிக்கிழமை வந்தது.

---

ஓஎம்ஆர்க்காரன் | மே 22, காலை 7.50

நான் மாற்றுக் கருத்துதான் சொல்வேன். கோபிக்க வேண்டாம்.

நானே தனியார்ப் பல்கலைக்கழகத்தில் படித்தவன்தான், 2018-ல் முடித்தேன். எங்கப்பா பஸ் கண்டக்டர், கடன் வாங்கித்தான் படிக்க வைத்தார். எனக்கு அங்கே கிடைத்தது கூடப் படித்த பசங்களும் சீனியர்களும்தான். இரவு இரண்டு மணி வரை லேப் திறந்திருக்கும், புராஜெக்ட் செய்வோம். எந்த கம்பெனி எப்போது வருகிறது, என்ன கேட்பார்கள் என்று சீனியர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். ஊரில் இருந்திருந்தால் இங்கிலீஷில் வாய் திறந்திருக்க மாட்டேன்.

கம்ப்யூட்டர் துறையில் முதல் வேலை கிடைத்துவிட்டால் அடுத்தது தானாக வரும். நிலம் விற்பது பற்றி நான் சொல்ல முடியாது. ஆனால் செலவை மட்டும் பார்த்து கிடைத்த கோர்ஸில் போட்டு, பிள்ளை பிடிக்காமல் நாலு வருஷம் படித்தால் அதுவும் நஷ்டம்தான்.

---

ஓய்வுபெற்ற_மேலாளர் | மே 22, காலை 10.20

ஐயா, நான் 31 ஆண்டுகள் அரசுடைமை வங்கியில் இருந்தேன். கடைசி ஒன்பது ஆண்டுகள் கிளை மேலாளர். கல்விக் கடன் கேட்டு என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்த பெற்றோர்களை நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். கல்லூரி நல்லதா கெட்டதா என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை. கணக்கை மட்டும் போட்டுக் காட்டுகிறேன்.

நீங்கள் சொன்னபடி ஆண்டுக்கு 4 லட்சம், நான்கு ஆண்டுக்கு 16 லட்சம். கட்டணம் இடையில் ஏறாது என்றே வைத்துக்கொள்வோம். இதில் 10 லட்சம் கடன் வாங்குகிறீர்கள், மீதி 6 லட்சத்தைக் கையிலிருந்து போடுகிறீர்கள். வங்கி ஆண்டுக்கு 2.5 லட்சம் வீதம் கல்லூரிக்கு நேராக அனுப்பும். படிக்கும் நான்கு ஆண்டும், அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். பெரும்பாலோர் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். தவணை இல்லையே தவிர, வட்டி முதல் நாளிலிருந்தே ஏறுகிறது.

வட்டி 10.5 சதவீதம் என்று வையுங்கள். முதல் தவணைப் பணத்துக்கு ஐந்தாண்டு வட்டி, அடுத்ததற்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு. மொத்தம் 3,67,500. மகள் வேலைக்குப் போய் முதல் தவணை கட்டும் நாளில் கடன் 13,67,500 ஆக நிற்கும். பத்தாண்டில் அடைத்தால் மாதம் சுமார் 18,450. பதினைந்தாண்டு என்றால் சுமார் 15,100. பத்தாண்டுக் கணக்கில் நீங்கள் திருப்பிக் கட்டுவது 22 லட்சத்துக்கு மேல். கையிலிருந்து போட்ட 6 லட்சத்தைச் சேர்த்தால் 28 லட்சம்.

அவளுக்கு மாதம் 25,000 சம்பளத்தில் வேலை கிடைத்தால், சென்னையில் தங்கிச் சாப்பிட்டு 18,450 எப்படிக் கட்டுவாள்? தவணை உங்கள் பட்டறைக்குத்தான் வரும். அந்தச் சமயம் தம்பி கல்லூரியில் இருப்பான்.

இன்னொன்று. 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சாதாரணமாகச் சொத்து ஈடு கேட்பார்கள். வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வரவேண்டியிருக்கும். தேசிய அளவில் நல்ல தரவரிசை உள்ள கல்லூரிகளுக்கு மட்டும் ஈடில்லாமல் தரும் பிஎம் வித்யாலட்சுமி திட்டம் 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்றது. அந்தப் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். வாய்வார்த்தையாக இல்லை, எழுத்தில்.

உங்களுக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. உங்கள் வருமானம் 4,32,000 வருகிறது. நிபந்தனைகள் உண்டு, எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு, எப்படிச் சேர்ந்தாள் என்பதையெல்லாம் பார்ப்பார்கள். வருமானச் சான்றிதழை இப்போதே இ-சேவை மையத்தில் போட்டுவிடுங்கள். எந்தக் கல்லூரி ஆனாலும் அது வேண்டும்.

---

பட்டறை_அப்பா | மே 22, இரவு 9.30

ஐயா, உங்கள் கணக்கை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். 18,450 என்ற இடத்தில் இரண்டு பேரும் நிறுத்திவிட்டோம். நாலு லட்சம், நாலு லட்சம் என்று வருஷக் கணக்கையே பேசிக்கொண்டிருந்தோம். 28 லட்சம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

பணம் கட்டவில்லை. இன்றும் இரண்டு தடவை போன் வந்தது, யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

ஓஎம்ஆர் தம்பி சொல்வதும் மனதில் ஓடுகிறது. பிடிக்காத படிப்பில் தள்ளிவிடக் கூடாது. கவுன்சலிங்கில் கட்டணம் எவ்வளவு, முதல் பட்டதாரி சலுகை எங்களுக்கு உண்டா, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கணக்கு_வாத்தியார் | மே 23, காலை 6.10

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். வருஷா வருஷம் பிள்ளைகளோடு உட்கார்ந்து கவுன்சலிங்குக்கு சாய்ஸ், அதாவது விரும்பும் கல்லூரிகளின் வரிசை, போட்டுத் தருவது வழக்கம்.

முதலில் ஒரு கேள்வி. பாப்பா ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியா? அப்படியானால் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதி எல்லாவற்றையும் தமிழக அரசே கட்டுகிறது. பொறியியலுக்கு 2021-லிருந்து நடைமுறை. உதவி பெறும் பள்ளிக்கு இது கிடையாது.

முதல் பட்டதாரி சலுகை உங்களுக்குக் கட்டாயம் உண்டு. தாசில்தார் ஆபீஸ் தரும் சான்றிதழ் வேண்டும், இ-சேவையிலேயே விண்ணப்பிக்கலாம். கல்விக் கட்டணம் கணிசமாகக் குறையும். இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான் இது கிடைக்கும். மேனேஜ்மென்ட் சீட்டுக்கும் நிகர்நிலைக்கும் கிடையாது. குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான், அக்காவுக்கு வாங்கினால் தம்பிக்கு வராது.

கட்டணம்: சுயநிதிக் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000, அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. அதே கல்லூரியில் மேனேஜ்மென்ட் இடம் என்றால் 85,000, 87,000. 2017-ல் கட்டணக் குழு வைத்தது. அரசுக் கல்லூரியில் இதைவிட மிகமிகக் குறைவு.

பலருக்குத் தெரியாத ஒன்று: அரசு உதவி பெறும் பெரிய கல்லூரிகளில், கோவை பிஎஸ்ஜி, சிஐடி, மதுரை தியாகராசர் மாதிரி இடங்களில், ஒரே வளாகத்துக்குள் உதவி பெறும் பிரிவும் இருக்கும், சுயநிதிப் பிரிவும் இருக்கும். கட்டணம் வேறுவேறு. சாய்ஸ் போடும்போது கல்லூரிப் பெயரை மட்டும் பார்த்துவிட்டு, அலாட்மென்ட் வந்தபின் தலையில் கைவைத்தவர்கள் உண்டு.

177 என்றால் இரண்டாம் சுற்றில் வரும். சாய்ஸ் வரிசையில் தந்திரம் எதுவும் வேண்டாம். உண்மையில் எது முதலில் வேண்டுமோ அதை முதலில் போடுங்கள். "நமக்குக் கிடைக்காது" என்று நினைத்து விரும்பியதைக் கீழே தள்ளினால், கிடைத்திருக்கக் கூடியதும் போய்விடும். கணினி மேலிருந்து கீழாகத்தான் பார்க்கும். அதே நேரம், சேரவே மாட்டோம் என்ற கல்லூரியைப் பட்டியலில் போடவும் வேண்டாம்.

---

பட்டறை_அப்பா | மே 23, மதியம் 2.05

சார், ஆறு முதல் எட்டு வரை தனியார் மெட்ரிக், ஒன்பதிலிருந்து அரசு மகளிர் பள்ளி. கொரோனா முடிந்த பிறகு ஃபீஸ் கட்ட முடியாமல் மாற்றினோம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் இலவச இடத்தில் சேர்த்ததும் இல்லை.

---

கணக்கு_வாத்தியார் | மே 23, மாலை 5.30

அப்படியானால் 7.5 வராது. வருத்தமாக இருக்கிறது. மாதம் 1,000 தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் அதே ஆறு முதல் பன்னிரண்டு நிபந்தனைதான். பொதுப் பட்டியலில் பார்ப்போம். முதல் பட்டதாரிச் சான்றிதழை விட்டுவிடாதீர்கள்.

---

ராசிபுரம்_செல்வி | மே 23, இரவு 8.45

பி.எஸ்சி. பற்றி யாரும் பேசவில்லையே. நான் அரசு கலைக் கல்லூரியில் கணிதம் படித்து, பி.எட். முடித்து, இப்போது அரசுப் பள்ளியில் வேலை. படிப்பு முழுவதுக்கும் செலவு சில ஆயிரம்தான். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: பி.எட். முடித்து வேலை கிடைக்க ஆறு வருஷம் காத்திருந்தேன். தனியார் பள்ளியில் 8,000 சம்பளத்துக்கு ஓடிக்கொண்டே படித்தேன். கணக்கில் ஆசை இருந்தால் போகலாம். "செலவு குறைவு, வீட்டிலேயே இருப்பாள்" என்ற காரணத்துக்காக மட்டும் வேண்டாம்.

---

நெல்லை_ட்ரிபிள்இ | மே 24, காலை 9.00

அண்ணாச்சி, நான் நீங்கள் சொல்லும் அதே நெல்லை அரசு பொறியியல் கல்லூரியில் ட்ரிபிள் இ (மின், மின்னணுப் பொறியியல்) படித்தவள். எங்கப்பா கயத்தாறில் டீக்கடை. நான் படித்தபோது வருஷத்துக்குக் கட்டணம் பத்தாயிரத்துக்குள் முடிந்துவிட்டது. கயத்தாறிலிருந்து தினமும் பஸ்.

குறையை மறைக்கவில்லை. லேபில் சில கருவிகள் எங்கள் வாத்தியார்கள் படித்த காலத்தவை. இங்கிலீஷ் பேசப் பயந்து முதல் வருஷம் வாயே திறக்கவில்லை. கேம்பஸுக்கு வரும் கம்பெனிகள் சென்னைக் கல்லூரி அளவுக்கு இல்லை. ஆனால் வாத்தியார்கள் பாடத்தில் கெட்டி. மோட்டார் வைண்டிங் எங்கள் கையாலேயே செய்தோம். ஐடி கம்பெனிகள் வந்தபோது கம்ப்யூட்டர் பிள்ளைகளை மட்டும் எடுக்கவில்லை, எங்கள் வகுப்பிலிருந்தும் எடுத்தார்கள். கோடிங்கை நான் வெளியே சொந்தமாகப் படித்தேன், அதற்குச் செலவு இணைய இணைப்பு மட்டும்தான்.

நான் ஐடிக்குப் போகவில்லை. காற்றாலைப் பராமரிப்பில் தொடங்கி, இப்போது சோலார். நம் பக்கத்தைப் பாருங்கள் அண்ணாச்சி. கயத்தாறில் இருந்து முப்பந்தல் வரை காற்றாலைகள். கோவில்பட்டிக்கும் நெல்லைக்கும் நடுவில் கங்கைகொண்டானில் டாடா பவர் சோலார் தொழிற்சாலை, ஆண்டுக்கு 4.3 கிகாவாட் அளவுக்கு சோலார் தகடுகள் செய்யக் கூடியது. கரண்டு படித்த பிள்ளைக்கு நம் ஊரைச் சுற்றியே வேலை வர ஆரம்பித்திருக்கிறது.

லேத் பட்டறையில் வளர்ந்த பொண்ணு. மெஷின் சத்தம் அவளுக்குப் பழக்கம்தானே? கேட்டுப் பாருங்கள்.

---

ஓஎம்ஆர்க்காரன் | மே 24, காலை 11.40

மேலாளர் ஐயா போட்ட கணக்கைப் பார்த்தபின் என் கடனைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். எங்கப்பா எனக்குச் சொல்லாமல் முதல் இரண்டு வருஷ வட்டியைத் தன் பி.எஃப்.-லிருந்து கட்டியிருக்கிறார். நேற்றிரவு போன் செய்து கேட்டபோதுதான் சொன்னார். "உனக்கு வேலை அமைஞ்சது, அதனால தெரியலை" என்றார்.

என் வகுப்பில் வேலை அமையாதவர்களும் இருந்தார்கள். அவர்களும் என்னைவிட மோசமாகப் படித்தவர்கள் இல்லை. நான் எழுதும்போது அவர்களை நினைக்கவில்லை.

சூழல் முக்கியம் என்பதில் மாற்றமில்லை. ஆனால் பாப்பா கவுன்சலிங்கில் எங்கே சேர்ந்தாலும், முதல் வருஷத்திலிருந்தே புரோகிராமிங் சொல்லிக்கொடுக்க நான் தயார். ஞாயிற்றுக்கிழமை ஆன்லைனில் ஒரு மணி நேரம். தனிச்செய்தியில் எழுதுங்கள்.

---

விருதுநகர்_வாசகன் | மே 25, மாலை 4.15

சுயநிதியில் கம்ப்யூட்டர் கிடைக்கிறதே, 55,000-தானே என்று நினைத்தால் ஒரு வார்த்தை. என் மகன் அப்படித்தான் சேர்ந்தான். கல்லூரி பஸ்ஸுக்கு 32,000, சீருடை, புத்தகம், "பிளேஸ்மென்ட் பயிற்சி" என்று தனியாக 15,000, பரீட்சைக் கட்டணம் தனி. முதல் வருஷம் எனக்கு 1,20,000 தாண்டிவிட்டது. சேரும் முன் ஆபீஸில் "எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு எவ்வளவு, ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எழுதித் தர யோசித்தால் நீங்களும் யோசியுங்கள்.

அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி சதவீதத்தை ஒவ்வொரு செமஸ்டரும் கல்லூரி வாரியாக வெளியிடுகிறது. பெரிய போஸ்டரைப் பார்க்கும் முன் அதைப் பாருங்கள். ஒரு வேலை நாளில் சும்மா போய், கேன்டீனில் மூன்றாம் வருஷப் பிள்ளைகள் நாலு பேரிடம் பேசினால் இன்னும் நிறையத் தெரியும்.

---

பட்டறை_அப்பா | ஜூன் 9, இரவு 10.10

வாசகன் அண்ணன் சொன்னபடி மகளைக் கூட்டிக்கொண்டு நெல்லை கல்லூரிக்கும், ஒரு சுயநிதிக் கல்லூரிக்கும் போய் வந்தேன். சுயநிதியில் கட்டடம் நன்றாக இருந்தது. மொத்தச் செலவை எழுதித் தரக் கேட்டேன், "சேரும்போது சொல்வோம்" என்றார்கள்.

நெல்லையில் வெளியே பெட்டிக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் மகளே போய்ப் பேசினாள். நான் தள்ளி நின்றுகொண்டேன். அரை மணி நேரம் பேசினாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "அப்பாவால முடியுமாங்கிறதை விட்டுரு. பணம் இருக்குன்னு வச்சுக்கோ. உனக்கு என்ன வேணும்?" என்றேன். கங்கைகொண்டான் தாண்டும் வரை பேசவில்லை. அப்புறம், "கம்ப்யூட்டர்தான் எல்லாரும் எடுக்குறாங்கன்னு நினைச்சேன்ப்பா. மோட்டார் எப்படிச் சுத்துதுன்னு படிக்க எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா நம்ம வீட்ல அதைச் சொன்னா பட்டறை வேலைக்குத்தான் படிக்கணுமான்னு மாமா கேப்பாங்க" என்றாள்.

இத்தனை நாளாக நான் கேட்ட கேள்வியே தப்பு. எது வேண்டும் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. எது முடியும் என்றுதான் வீட்டில் பேசியிருக்கிறோம். பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டேதான் வளர்ந்திருக்கிறாள்.

வருமானச் சான்றிதழும் முதல் பட்டதாரிச் சான்றிதழும் வந்துவிட்டன.

---

ஓய்வுபெற்ற_மேலாளர் | ஜூன் 10, காலை 8.00

நல்ல செய்தி ஐயா. ஒன்று மட்டும் சொல்கிறேன். அரசுக் கல்லூரி கிடைத்தாலும் கடனே வேண்டாம் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். விடுதி, லேப்டாப் என்று வந்தால் கந்துவட்டிக்கோ நகைக்கோ போகாமல், ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று சின்னக் கல்விக் கடனாக வாங்குங்கள். 4 லட்சம் வரை ஈடும் இல்லை, நம் பங்காக முன்பணம் போடவும் வேண்டாம். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பியுங்கள். கிளையில் வாய்மொழியாக மறுத்தால், காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள்.

---

பட்டறை_அப்பா | ஆகஸ்ட் 11, இரவு 9.20

இரண்டாம் சுற்று முடிந்தது. நெல்லையில் இ.சி.இ. (மின்னணு, தகவல் தொடர்பு), ட்ரிபிள் இ இரண்டையும் முதலில் போட்டிருந்தோம், அடுத்து காரைக்குடி. வாத்தியார் சொன்னபடி மகள் விரும்பிய வரிசைதான். காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் ட்ரிபிள் இ கிடைத்தது. அதை ஏற்றுக்கொண்டு, பட்டியலில் மேலே போட்டது காலியானால் மாறிக்கொள்கிறோம் என்று கொடுத்தோம், நெல்லை நகரவில்லை. காரைக்குடியே உறுதியாகிவிட்டது.

தினமும் பஸ்ஸில் போய்வருவாள் என்று போட்ட கணக்கு போய்விட்டது, ஹாஸ்டல் சேர்க்கவேண்டும். மனைவி இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. மச்சினனுக்கு இன்னும் மனசு ஆறவில்லை, பேசிக்கொண்டுதான் இருக்கிறான். நிலம் விற்கவில்லை. ஓஎம்ஆர் தம்பியோடு மகள் ஏற்கெனவே மூன்று ஞாயிறு உட்கார்ந்துவிட்டாள்.

வங்கியில் 1,80,000-க்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். ஹாஸ்டலுக்கும் லேப்டாப்புக்கும்.

காரைக்குடியில் பெண்பிள்ளைகளை ஹாஸ்டலில் விட்டிருப்பவர்கள் யாராவது இருந்தால், மெஸ் பில் மாதம் உத்தேசமாக எவ்வளவு வருகிறது, சனிக்கிழமை ஊருக்கு விடுவார்களா, இந்த இரண்டையும் சொல்லுங்கள். மனைவி கேட்கச் சொன்னாள்.